அடுத்த பேஸ் கிட்டாரை வாங்குமுன்: ஒரு திறந்த மடல்

பேஸ் கிட்டாரை விரும்பி வாங்கி, அலுவலும் குடும்பமும் விட்டுவைத்த பொழுதில் அதை வாசித்துவரும் அன்பர்களுக்கு,

உங்களில் பலரது வீட்டில் ஒன்றுக்கு இரண்டாகப் பேஸ் கிட்டார்கள் இருக்கின்றன. ஆயினும் உங்கள் ஊரில் நான்கு பேர் கூடிப் பாட்டு வாசிக்க முனையும்போது பேஸ் வாசிக்க ஆள் கிடைப்பதில்லை. திருவிழா மெல்லிசை மேடையிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கல்லூரி இசைக்குழுவிலும் அந்த இடத்தைக் கீபோர்டு வாசிப்பவரின் இடக்கையோ, முன்கூட்டியே பதிவுசெய்து வைத்த ஒலித்தடமோ நிரப்பிக்கொண்டிருக்க, மரத்தாலும் எஃகாலும் ஆன உண்மையான கருவி உங்கள் அறையின் மூலையில் உறைக்குள் கிடக்கிறது. அதன் தந்திகள் கறுத்துவிட்டன, சுருதி இறங்கிவிட்டது, நெக் எனப்படும் கழுத்துப் பகுதி சற்றே வளைந்தும் இருக்கக்கூடும். இதற்கிடையில் உங்கள் கவனமோ அடுத்து எந்தக் கருவியை வாங்குவது என்பதில் சென்றுகொண்டிருக்கிறது. இந்நிலை வருந்தத்தக்கது என்பதாலும், அதை மாற்றும் ஆற்றல் உங்களிடமே இருக்கிறது என்பதாலும் இம்மடல் எழுதப்படுகிறது.

இக்கருவி எதற்காகப் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1951-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை குழுக்களின் அடிச்சுரங்களைத் தாங்கிவந்த டபுள் பேஸ் என்னும் ஆளுயரப் பெருங்கருவி, ஊர் ஊராகச் செல்லும் கலைஞர்களுக்குச் சுமக்க முடியாத பாரமாகவும், மின்கிட்டாரின் ஒலிக்கு நடுவே கேட்காமல் போவதாகவும் இருந்தது. தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க அளவும், ஒலிபெருக்கியில் இணைக்கத்தக்க பிக்கப்பும் (பிக்கப் என்பது தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு), விரல் சற்று விலகினாலும் சுரம் பிறழாதபடி கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகளும் அதில் அமைந்தன. குழுவோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்ட கருவி அது. அழகுப் பொருளாகச் சுவரில் மாட்டப்படுவது அதன் பிறப்பு நோக்கத்தில் எங்கும் இல்லை.

அடுத்த கருவி வந்தால் தம் வாசிப்பும் உயரும் என்று நம்புவோர், இத்துறையின் பெரும் கலைஞர்கள் எதை வைத்து வாசித்தார்கள் என்பதைக் கருத வேண்டும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்தில் 1960-களில் பதிவான எண்ணற்ற பாடல்களுக்கு அடித்தளம் அமைத்த ஜேம்ஸ் ஜேமர்சன், பெரும்பாலும் 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரே பிரிசிஷன் பேஸையே பயன்படுத்தினார் என்பதும், வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார் என்பதும் பேஸ் இசைஞர் அனைவரும் அறிந்த செய்திகள். 1961-இல் ஹாம்பர்க் நகரில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் பேஸ் ஏறத்தாழ 30 பவுண்டு மட்டுமே விலையுள்ளது. கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது என்பதும், இருபுறமும் ஒத்த வடிவம் கொண்டிருந்ததால் இடக்கைப் பழக்கமுள்ளவருக்குத் தலைகீழாகப் பிடிக்க ஒவ்வாததாகத் தோன்றவில்லை என்பதும்தான் அவர் அதைத் தெரிந்தெடுத்த காரணங்கள். விலையுயர்ந்த கருவி இனிமையானது, உறுதியானது, ஆசைப்படத் தக்கது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது கையில் இல்லாத வாசிப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

இன்னும் முதல் கருவியை வாங்காதவர்களும் உங்களிடையே இருப்பதால், அவர்களுக்குரிய சிலவற்றை இங்கே சொல்லிவிடுவது தகும். வாங்க வைத்திருக்கும் தொகை முழுவதையும் கருவியின் மீதே செலவிடாதீர்கள். ஒரு பகுதியைச் செட்டப் என்னும் சீரமைப்புக்கும், நல்ல தந்திகளுக்கும், பயிற்சிக்கான ஆம்ப்ளிஃபயர் அல்லது ஹெட்ஃபோன் கருவிக்கும் ஒதுக்கிவையுங்கள். நட் என்னும் தலைப்பக்கத் தாங்கியிலிருந்து பிரிட்ஜ் என்னும் அடிப்பக்கத் தாங்கி வரையுள்ள தந்தியின் நீளம் வழக்கமான பேஸில் 34 அங்குலம். சிறிய கை உடையவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் ஏறத்தாழ 30 அங்குலமுள்ள ஷார்ட் ஸ்கேல் வகை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று, மெக்கார்ட்னியின் கருவியே அவ்வகையைச் சேர்ந்தது. பிரிசிஷன் வகையின் கழுத்து நட்டருகே சற்று அகன்றது, 1960-இல் வந்த ஜாஸ் பேஸின் கழுத்து அவ்விடத்தில் 38 மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கியது. எது கைக்கு ஒத்துவரும் என்பதைக் கடையில் அரை மணி நேரம் பிடித்துப் பார்த்தே அறிய முடியும், படத்தைப் பார்த்து அறிய முடியாது. பழைய கருவியை வாங்கும்போது தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நெடுகிலும் ஒரு கண்ணால் நோக்கி, அது முறுக்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கீறலும் சாயம் போனதும் பொருட்டல்ல; முறுக்கிய கழுத்துக்கு மட்டும் எளிய மருத்துவம் கிடையாது.

இனி, இம்மடலின் முதன்மையான மனக்குறைக்கு வருவோம். புதிதாகப் பழகுவோரில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலேயே கருவியைக் கைவிடுவதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பலோ திறமைக் குறைவோ அன்று. சீரமைக்கப்படாத கருவி அவர்களைத் தோற்கடித்துவிடுகிறது என்பதே காரணம். தொழிற்சாலையில் ஒரு தட்பவெப்பத்தில் பூட்டப்பட்டு, கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் இருந்து, சென்னையின் கடற்கரை ஈரக்காற்றுக்கோ கோவையின் குளிரூட்டப்பட்ட அறைக்கோ வந்து சேரும் மரம், ஈரத்தை உறிஞ்சியும் இழந்தும் அசைந்துகொண்டே இருக்கிறது. வழக்கமான பருமனுள்ள நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. அவ்விழுப்புக்கு எதிர்நின்று கழுத்தைக் காப்பது ட்ரஸ் ராட் என்னும், கழுத்தின் உள்ளே புதைக்கப்பட்ட எஃகுக் கம்பி. அதைத் திருகி இறுக்கினால் கழுத்து நிமிரும், தளர்த்தினால் முன்வளையும். இச்சமநிலை குலைந்த கருவியில் தந்தி ஃப்ரெட்டுகளுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றுவிட, புதியவர் அதை அழுத்தி அழுத்தி விரல் நொந்து, தமக்கு இசை வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு வராதது இசை அன்று என்பதை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இருப்பதில்லை. அனுபவமுள்ள நீங்கள் அந்த ஒருவராக இருந்திருக்க வேண்டும்.

செட்டப்பை மறைபொருளாக நினைத்து அஞ்ச வேண்டாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, நடுவே 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்தியின் அடிப்புறத்துக்கும் இடையே எஞ்சும் இடைவெளியைப் பார்த்தால், கழுத்தின் வளைவு தெரியும். ரிலீஃப் எனப்படும் இந்த இடைவெளி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர், அதாவது கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்றின் தடிப்பளவு, இருப்பது நலம். இடைவெளியே இல்லையெனில் முதல் சில ஃப்ரெட்டுகளில் தந்தி உரசிக் கரகரக்கும்; மிகுந்திருந்தால் நடுப்பகுதியில் வாசிப்பது கடினமாகும். ட்ரஸ் ராடை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், திருப்பியபின் சற்றுப் பொறுத்து மீண்டும் சுருதி சேர்த்து அளந்து பார்ப்பதும், எளிதில் திரும்பாத இடத்தில் வலிமையைக் காட்டாமல் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதும் போதுமான எச்சரிக்கைகள். அதன்பின் வருவது ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரம். 17-ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கு 2.4 மில்லிமீட்டரும் மெல்லிய தந்திக்கு 2 மில்லிமீட்டரும் பொதுவான தொடக்க அளவுகள், அங்கிருந்து உங்கள் விரலின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப ஏற்றியோ இறக்கியோ கொள்ளலாம். இறுதியாக இன்டொனேஷன்: 12-ஆம் ஃப்ரெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டும்போது எழும் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும்போது எழும் ஒலியும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடில் என்னும் சிறு கட்டையைப் பின்னோக்கி நகர்த்தியும், இறங்கி ஒலித்தால் முன்னோக்கி நகர்த்தியும் அதைச் சரிசெய்யலாம். இவ்வரிசை மாறக் கூடாது. கழுத்தை நிமிர்த்தாமல் உயரத்தையும், உயரத்தை முடிவுசெய்யாமல் சாடிலையும் திருத்துவது வீண்வேலை. பருவமழை தொடங்கும்போது ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் இதைச் செய்யும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டால், கையிலிருக்கும் எளிய கருவியே புதிதாக வாங்க நினைத்ததன் அருகில் வந்து நிற்பதைக் காண்பீர்கள்.

தந்திகளைப் பற்றிய அக்கறையும் குறைந்தே காணப்படுகிறது. நம் வெயிலில் கை வியர்ப்பது இயல்பு. உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தியின் சுற்றுகளுக்கு இடையே வியர்வையும் தோல்துகளும் சேர்ந்து அதன் பிரகாசமான ஒலியை மாதங்களிலேயே மங்கச் செய்துவிடும். வாசித்து முடித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடைக்க ஒரு நிமிடம் போதும். அடிக்கடி மாற்ற இயலாதவர்கள், தட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் வகையை நாடலாம். ஜேமர்சன் அவ்வகைத் தந்திகளை அறுந்தாலன்றி மாற்றவில்லை என்றே சொல்லப்படுகிறது, அவரது பதிவுகளில் கேட்கும் தடித்த, மந்தமான இனிமைக்கு அதுவும் ஒரு காரணம். விரல்பலகையைப் பொறுத்தவரை, மெருகு பூசப்படாத ரோஸ்வுட் பலகைக்கு ஆண்டுக்கு ஓரிருமுறை சிறிதளவு எண்ணெய் தடவலாம், மெருகு பூசிய மேப்பிள் பலகைக்கு அது தேவையில்லை. உலகின் பல கிட்டார்களின் விரல்பலகையாக அமைந்த இந்திய ரோஸ்வுட் என்பது மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் நம் ஈட்டி மரமே என்பதும், அம்மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017-இல் கட்டுப்பாடு வந்தபின் மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் இடம்பிடித்த இந்தியன் லாரல் என்பது நம் கருமருதே என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. எங்கோ உருவாகி வந்த கருவியில் நம் காட்டு மரம் இருக்கிறது. அதைப் பூசணம் பிடிக்க விடுவது முறையாகுமா?

மின்பகுதியில் கவலைப்பட அதிகமில்லை. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், தூசு படிந்த உள்ளுறுப்பைக் கான்டாக்ட் கிளீனர் தெளித்துத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் அவ்வுறுப்பே கிடைக்கும். உட்புறத்தில் 9 வோல்ட் பேட்டரியால் இயங்கும் ஆக்டிவ் வகைக் கருவியில், கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

பேஸின் ஒலியைக் கேட்டு மகிழ்வதற்கும் சிறிது அறிவு வேண்டியிருக்கிறது. நான்கு தந்திப் பேஸின் மிகத் தாழ்ந்த திறந்த சுரம் நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த அடிப்படை அதிர்வை எழுப்பவே இயலாது, மேற்சுரங்களைக் கொண்டு நம் மூளையே அதை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே கைப்பேசியில் மட்டும் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பேஸ் என்ற ஒன்று பாட்டில் இருப்பதே தெரியாமல் போகிறது, தெரியாததைக் கற்க ஆசையும் பிறப்பதில்லை. நல்ல ஹெட்ஃபோன் அணிந்து, 1982-இல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை', 'நினைவெல்லாம் நித்யா' ஆகிய படங்களின் பாடல்களைப் பாடகரின் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் வரியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பாடல் மெட்டுக்குப் பணிந்து மூலச்சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிராமல், மெட்டு நிற்கும் இடத்தில் நடந்தும், அது ஏறும் இடத்தில் இறங்கியும் தனக்கென ஒரு மெட்டாகவே அது செல்வதைக் கேட்பீர்கள். இப்படங்களுக்கு இசையமைத்தவரும் தாமும் கிட்டார் பயின்றவருமான இளையராஜா ஒவ்வொரு கருவிக்குமுரிய இசையைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பதிவுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸும் தமிழ்க் காதுகளுக்குப் பேஸ் என்னும் சுவையைப் பழக்கியவர்கள். இத்தகைய செல்வம் வீட்டிலேயே இருக்கும்போது, பயிற்சிக்கு எதை எடுப்பது என்ற திகைப்பு உங்களுக்குத் தேவையில்லை. மாதம் ஒரு பாட்டு என்று எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டைத் தேடாமல் காதால் கேட்டே அதன் பேஸ் வரியைக் கண்டுபிடிப்பவர், புதுக்கருவி தரும் மகிழ்ச்சியைக் காட்டிலும் நிலைத்த மகிழ்ச்சி ஒன்றை அடைவார்.

ஆயினும் தனியறை மகிழ்ச்சி மட்டும் போதாது என்பதே இம்மடலின் உறுதியான கருத்து. உங்களில் இளையோர் பலர், கட்டைவிரலால் தந்தியைத் தட்டியும் சுட்டுவிரலால் சுண்டியும் வாசிக்கும் ஸ்லாப் முறையைத் தனி வித்தையாக மணிக்கணக்கில் பழகுகிறீர்கள். அதை உருவாக்கிய லாரி கிரகாம் ஏன் அப்படி வாசிக்கத் தொடங்கினார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பியானோ வாசித்துப் பாடிய தம் தாயோடு அவர் மேடையேறிய நாட்களில் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமல் போகவே, பெரிய டிரம்மின் இடியைக் கட்டைவிரலாலும் சிறிய டிரம்மின் வெடிப்பைச் சுண்டுதலாலும் நிரப்ப முயன்றார். இன்று தனித்திறனைக் காட்டுவதற்கான அடையாளமாகிவிட்ட முறை, உடன் வாசிப்பவரின் குறையை ஈடுகட்டப் பிறந்தது. டிரம்ஸ் வாசிப்பவரின் காலடியோடு உங்கள் விரல் ஒரே கணத்தில் இறங்கும்போது ஏற்படும் பிடிப்பை எந்த மெட்ரோனோமும் கற்றுத்தராது. பாடுபவர் மூச்சுக்காகச் சற்றுத் தாமதிக்கும்போது காத்திருக்கவும், குழு தடுமாறும்போது தாங்கவும், எங்கே வாசிக்காமல் இருப்பது என்பதை உணரவும் பிறருடன் அமர்ந்தே பழக முடியும். வீட்டில் தவறின்றி நூறு பாட்டு வாசிப்பவர், முதல் முறையாக நான்கு பேரோடு வாசிக்கும்போது திணறுவது இதனால்தான். கூடத்தில் கூரையைத் தாங்கும் தூணை யாரும் நின்று பார்ப்பதில்லை என்பதற்காக அதைக் கழற்றிக் கொல்லையில் சாத்திவைக்க யாரும் துணிவதில்லை. நம் குழுக்களிலோ அதுதான் நடந்திருக்கிறது.

கீபோர்டின் இடக்கையால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இசைக்குழுக்களின் சிக்கனத்தால் மட்டும் வந்துவிடவில்லை. பேஸ் வாசிப்பவர் வராததாலும், வந்தவர் ஒழுங்காகச் சுருதி சேர்க்காத கருவியோடு வந்ததாலும், கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து உரக்க வைத்து அதன் ஒலிபெருக்கியைச் சேதப்படுத்தியதாலும் அப்பழக்கத்துக்கு இடம் கிடைத்தது. இழந்த இடத்தைப் பெற வேண்டுமானால், ஒத்திகைக்கு நேரத்துக்கு வருபவர், கருவியைச் சீராக வைத்திருப்பவர், பாட்டின் அமைப்பை அறிந்தவர் என்ற நம்பிக்கையை நீங்கள் ஒவ்வொருவரும் மீண்டும் உண்டாக்க வேண்டும். இதற்குத் தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டிய தேவையில்லை; மூன்று சுரங்களைச் சரியான காலத்தில் வாசித்து, நான்காவதை வாசிக்காமல் விடத் தெரிந்தாலே பெரும்பாலான குழுக்கள் உங்களை வரவேற்கும்.

எனவே உங்களிடம் வேண்டப்படுவது இதுவே. புதிய கருவிக்காக ஒதுக்கிய தொகையை இவ்வாண்டு அப்படியே வைத்துவிட்டு, கையிலிருக்கும் பேஸை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, புதிய தந்தி கட்டி, கழுத்தையும் உயரத்தையும் சுருதியையும் சீர்செய்யுங்கள். அதன்பின் உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ தேவாலயத்திலோ பாடும் ஒருவரையும் தாளம் வாசிக்கும் ஒருவரையும் தேடி, டிரம்ஸ் இல்லையென்றால் கஹோன் என்னும் பெட்டி வடிவத் தாளக்கருவியோ தபலாவோ இருந்தாலும் போதும் என்று கொண்டு, வாரம் ஒரு மாலையை அவர்களுக்குக் கொடுங்கள். உங்களிடம் இரண்டாவது பேஸ் இருந்து, அது ஓராண்டாக வாசிக்கப்படாமல் கிடந்தால், அதையும் இதே போலச் சீர்செய்து, கிட்டார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளில் பேஸ் பழக விருப்பமிருந்தும் வாங்க வசதியில்லாத ஒருவரிடம் ஆறு மாதத்துக்கு இரவலாகக் கொடுங்கள். கேபிளையும் ஹெட்ஃபோனையும் சேர்த்தே கொடுங்கள். கொடுக்கும்போது, ட்ரஸ் ராட் எங்கே இருக்கிறது, ஆக்‌ஷன் என்றால் என்ன, விரல் வலித்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.